குரும்பட்டித் தேரும் பாளைத் தோணியும்

மார்கழி லீவு தொடங்கி இரண்டாம் கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. முதல்நாள் பின்னேரமே கரண்ட் போய்விட்டது. போனில் 11 வீதம் சார்ஜ் மிச்சம். வேலைக்குப் போன மனுசன் கோல் எடுப்பார் என்று அதையும் ஒளித்து வைத்திருந்தேன். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் மட்டத்துக்கு வெள்ளம். வீட்டுக்குள்ளே 6 வயது மகள், மூன்றரை வயது மகன். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் மகள் வந்து, "மறுகா என்னம்மா செய்ற?" என்று கேட்பாள். மறுகா என்றால் பிறகு. நான் ஏதாவது சொல்வேன். அது அடுத்த பத்து நிமிசத்தில் முடிந்துவிடும்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்து எங்களோடு நின்ற என் அம்மா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் காய்ந்த தென்னம்பாளை, சேலைத் தலைப்பில் ஒரு மடி குரும்பட்டி.

"மகள், அந்த விளக்குமாத்தில நாலு ஈர்க்கு உருவிக்கு வாங்க மனெ."

மத்தியானச் சோறு வரைக்கும் என்னிடம் யாரும் "மறுகா" கேட்கவில்லை.

குரும்பட்டி என்றால் தென்னையில் பூத்துப் பிஞ்சாகி, தேங்காயாகத் தேறாமல் உதிர்ந்து விழுவது. ஒரு பாளையில் பிடிக்கிற பிஞ்சில் பாதிக்கு மேல் இப்படித்தான் கொட்டும். வளவு கூட்டுகிறவர்களுக்கு அது குப்பை. அம்மாவின் கையில் அது கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர். பெரிய குரும்பட்டி ஒன்றை எடுத்து, இரண்டு பக்கத்தாலும் ஒவ்வொரு ஈர்க்குத் துண்டைக் குத்தி, அந்த ஈர்க்குகளின் முனையில் நாவற்பழம் அளவுச் சின்னக் குரும்பட்டிகளைச் செருகினால் ஒரு அச்சும் இரண்டு சில்லும். அதுபோல இன்னொன்று. இரண்டு பெரியதையும் ஒரு ஈர்க்கால் தொடுத்துவிட்டு, மேலே அடுக்கடுக்காகக் குத்திக்கொண்டு போய், உச்சியில் ஒரு செவ்வரத்தம் பூ. சில்லு உருளாது, இழுபடத்தான் செய்யும். எந்தப் பிள்ளையும் இதுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு விழுந்த பச்சைக் குரும்பட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். அதை மூன்று வயதுக் கையாலும் குத்தலாம். இரண்டு நாள் போனால் மண்ணிறமாகி இறுகிவிடும்; பிறகு ஆணியால் நாங்கள்தான் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஈர்க்கின் மெல்லிய நுனியை முறித்து எறிந்துவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் ஒரு சாண் துண்டுகளாகக் கொடுங்கள். நீள ஈர்க்கோடு ஒரு பிள்ளை திரும்பினால் அது மற்றப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே நிற்கும்.

மகன் செய்த தேர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. என் கை தன்பாட்டில் நீண்டது. அம்மா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "விடுகா. அவன்ட தேர் அவனுக்குத் தெரியும்."

இந்த இடத்தில் என் மேலேயே ஒரு குற்றச்சாட்டு வைக்க வேண்டும். மகளுக்கு 4 வயதாக இருந்தபோது, வீட்டுக்காரரின் வேலைக்காக அம்பாறை டவுனில் இரண்டு வருசம் வாடகைக்கு இருந்தோம். அங்கே அவள் போன பாலர் பாடசாலையில், பௌத்தர்களின் வெசாக் பெருநாளுக்கு விளக்குக் கூடுகளின் கைவேலைக் கண்காட்சி. "பிள்ளைகள் செய்த வெசாக் கூடு" என்று துண்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் கடைக்குப் போய் பிறிஸ்டல் போர்ட், ரெஜிபோம், மினுக்குத் தூள் எல்லாம் வாங்கி வந்து, பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு, இரவு ஒரு மணி மட்டும் உட்கார்ந்து வெட்டினேன். முதல் இடம் கிடைத்தது. சான்றிதழில் மகளின் பெயர். வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் பிள்ளை மிகவும் நேர்மையாக, "அது அம்மாட கூடு" என்றாள். மற்றத் தாய்மாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள ஆச்சி இருந்தார். எங்கள் பாசையிலும் அவர்கள் பாசையிலும் ஆச்சி ஆச்சிதான் என்பதால் மகளுக்குக் கூப்பிடுவதில் சிக்கல் இல்லை. அடுத்த நாள் அவர் மகளைத் தன் திண்ணையில் இருத்தி, மெல்லிய மூங்கில் சீவல்களை நூலால் கட்டிச் சதுரம் செய்யக் காட்டினார். ஆறு சதுரம். அவற்றை மூலைக்கு மூலை கட்டினால் இடையில் எட்டு முக்கோணம் தானாகவே வந்துவிடும். வெசாக் காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்குகிற கூடு அதுதான். கட்டியது ஆச்சி. டிஷ்யூத் தாளைக் கிழித்து மாப்பசை தடவி ஒட்டியது மகள். சிவப்பும் வெள்ளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சில இடத்தில் தாளே இல்லாமல் ஓட்டை. இரவு உள்ளே சின்ன பல்பைப் போட்டதும் அந்த ஓட்டைகளின் வெளிச்சம் சுவரில் விழுந்தது. என் முதல் பரிசுக் கூட்டில் அப்படி எதுவும் விழவில்லை.

அந்த மாப்பசையைத்தான் இன்றுவரை பாவிக்கிறோம். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி வரும். அப்போது இறக்க வேண்டும். இரண்டு நாள் தாங்கும். வாயில் வைத்தாலும் பயமில்லை, மகன் வைத்தான். எறும்புக்கு மட்டும் கவனம். கடதாசிக்குப் பழைய கலண்டர். 2022இல் நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடச் சோதனையையே பிற்போட்டார்களே, அந்த நாளிலிருந்து நான் கலண்டர் தாளை எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளை, தடிப்பு, பெஸ்டல் நன்றாகப் பிடிக்கும்.

மழைநாள் கைவேலை, பெருநாள் கைவேலை என்று தேடுகிறவர்களுக்குப் போனில் ஆயிரம் வீடியோ வரும். பனிமனிதன் செய்வது எப்படி, பூசணிக்காயில் முகம் வெட்டுவது எப்படி. பஞ்சு ஒட்டின பனிமனிதனை நானும் செய்திருக்கிறேன். அதைப் பார்த்து மகன் "இது என்ன, இட்டலியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு கலண்டரை முன்பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, வளவில் என்ன விழுந்து கிடக்கிறது என்று பார்ப்பேன். நாள் கிழமை எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

வைகாசி தொடங்கினால் எங்களுக்குக் கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சுடச்சுட எங்கள் பக்கம் இறங்கும். "கச்சான் அடிக்குது" என்று அம்மா முதல்தரம் சொன்னபோது, மகள் பேணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நிலக்கடலைக்கும் எங்களிடம் கச்சான் என்றுதான் பெயர்; வறுத்த கச்சான் விழும் என்று நினைத்துவிட்டாள். அந்தக் காற்றுக்குப் பட்டம் கட்ட மூன்று வயதுக்குத் தெரியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: சொப்பிங் பையின் இரண்டு பிடியையும் சேர்த்து ஒரு நூலில் கட்டி, பின்னால் துணி வால் ஒன்று ஒட்டிக் கொடுத்தால் போதும். பிள்ளை ஓட, பை தானாக ஊதி எழும்பும். எங்கள் பைக்கு வால் மருதமுனையிலிருந்து வந்தது. அங்கே கைத்தறிக்காரர் வீட்டில் மிஞ்சுகிற நூல் முடிச்சுகளை ஒரு சிநேகிதி ஒரு பை நிறையத் தந்தாள். அதன் நிறங்கள் எந்தக் கடையிலும் இல்லை. விளையாடி முடிந்ததும் பையைப் பறித்து உயரத்தில் வைத்துவிடுங்கள். தலையில் மாட்டிப் பார்க்கிற வயது அது.

அதே வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு. கோயில்களில் குருத்தோலைத் தோரணம் கட்டுவார்கள். அம்மாவின் ஊரில் தோரணம் கட்டுகிற ஆண்களைச் சுற்றிப் பிள்ளைகள் குந்திக்கொண்டிருப்பது ஏதாவது மிஞ்சும் என்றுதான். மிஞ்சின ஓலைக் கீற்றில் முதலில் செய்வது மணிக்கூடு. ஒரு கீற்றை மணிக்கட்டில் சுற்றி, மற்றதைக் குறுக்கே மடித்து மடித்துச் சதுரமாக்கி முகம் வைப்பது. பிறகு பீப்பி. ஓலையைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒரு ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்தி, ஒடுங்கிய பக்கத்தைக் கொஞ்சம் நசுக்கி ஊத வேண்டும். ஊதினால் வீட்டில் இருக்க ஏலாது. ஓலை கிடைக்காவிட்டால் பூவரசம் இலை. நரம்பைக் கிள்ளிவிட்டுச் சுருட்டினால் அதுவும் கத்தும். இந்தச் சாமான்களுக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் வாடிச் சுருங்கிவிடும், ஆட்டுக்குப் போடலாம். வீட்டு அலுமாரியில் இடம் கேட்காத விளையாட்டுச் சாமான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சித்திரை வருசத்துக்கு நாங்கள் செய்வது மஞ்சள் அட்டை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் தடிப்பாகக் குழைத்துக் கலண்டர் தாளின் பின்பக்கம் பூசி, வெயிலில் காயவிட்டுவிட வேண்டும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்துப் பிள்ளை என்ன எழுதினாலும் அந்த இடம் செங்காவியாகிவிடும். அதன்மேல் தேசிக்காய்ப் புளி பட்டால் திரும்ப மஞ்சள். முதல்தரம் பார்த்த மகள் தாளைத் திருப்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். அம்மாவுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. "ஆலாத்தித் தட்டில மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குதே, அதுதான்." உண்மையும் அதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளி பட்டால் பழைய நிறத்துக்கு வரும். குங்குமம் செய்வதும் இதே வழியில்தான். செவ்வரத்தம் பூவைத் தாளில் தேய்த்தால் ஊதா விழும், அதில் தேசிக்காய் விட்டால் ரோசாவாகும். ஒரு சிரட்டை சவர்க்காரத் தண்ணீரும் அரைத் தேசிக்காயும் இருந்தால் ஒரு காலமை முழுக்க ஓடும். உடுப்பு மட்டும் பழசாக இருக்கட்டும். மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையைச் சவர்க்காரத்தில் போட்டுவிட்டு நான் பட்ட பாட்டை இங்கே எழுத விரும்பவில்லை.

காத்தான்குடியில் இருக்கிற சிநேகிதியின் பிள்ளைகளுக்கு நோன்புப் பெருநாள் வாழ்த்து அட்டையும் இந்த மஞ்சள் தாளில்தான் போனது. சோற்றுக் கோப்பையை வைத்து ஒரு வட்டம், அதைத் தொட்டுக்கொண்டு தேத்தண்ணிச் சோசரை வைத்து உள்ளே ஒரு வட்டம். இடையில் பிறை நிற்கும். கீறத் தெரியாத பிள்ளைக்கும் வரும்.

தைப்பொங்கல் வரும்போது எங்கள் பக்கத்து வேளாண்மை பெரும்பாலும் வெட்டுக்கு வந்திருக்காது. பெரும்போகம் வெட்டுவது மாசி, பங்குனியில். வட்டை முழுக்கப் பச்சையாக நிற்க, நாங்கள் கடை அரிசியில் பொங்குவோம். ஆகவே தையில் வைக்கோல் இல்லை, தயிர்ச்சட்டி உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எருமைத் தயிர் சாப்பிடுகிற எந்த வீட்டிலும் குசினிக்குப் பின்னால் வெறுஞ்சட்டிகள் அடுக்கியிருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, அரிசி மாக்கரைசலும் கரித்தூளும் கொடுத்தால் பிள்ளைகள் தங்கள் பொங்கல் பானையைத் தாங்களே கீறிக்கொள்வார்கள். மகள் சூரியன் போட்டாள். மகன் போட்டதைப் பற்றிக் கேட்டேன். "எருமை" என்றான். தயிர்ச்சட்டிக்கு அதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது.

வைக்கோல் பிறகு வரும். மெசின் வெட்டியது குறுகலும் நொறுங்கலுமாக இருக்கும். மெசின் திரும்ப முடியாத மூலைகளில் கையால் வெட்டுகிறார்களே, அந்தக் கத்தைதான் பொம்மைக்கு நல்லது. தண்ணீர் தெளித்து இளக்கி, நடுவில் மடித்துக் கழுத்தில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. அவ்வளவுதான் பொம்மை. பங்குனியில் கட்டி வைக்கிற ஒரு முடி வைக்கோல் மார்கழியில் முன்வீட்டு மாமியின் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குப் போகும். எங்கள் பிள்ளைகள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கேக் அங்கிருந்து திரும்பி வரும்.

வேண்டாததையும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஒரு தகரப் பேணி நிறையக் குன்றிமணி இருக்கிறது. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கத் தலைமுறையாகச் சேர்த்தது. சிவப்பும் கறுப்புமாகக் கொள்ளை அழகு. ஆனால் அதற்குள் இருப்பது கடும் நஞ்சு. கடித்தோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அலரியும் அப்படித்தான், பூ, காய், பால் எதுவும் பிள்ளையின் கைக்கு வேண்டாம். எங்கள் பிள்ளையாருக்குக் கண் இப்போது மிளகு. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மெழுகுதிரி, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை இவற்றின் வயிற்றில் இருக்கிற தட்டைப் பற்றரி இன்னும் மோசம். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். அப்படியான அட்டை யாராவது தந்தால் நான் இரக்கமில்லாமல் பிரித்துப் பற்றரியை எடுத்துவிடுவேன்.

நுளம்புக்காரர் வேறு. மழைக்காலத்தில் சிரட்டை, தயிர்ச்சட்டி, யோகட் கப் என்று விளையாடிவிட்டு முற்றத்தில் போட்டால் தண்ணீர் நிற்கும். ஒரு கிழமை, பத்து நாளில் அதிலிருந்து டெங்கு நுளம்பு பறக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்து பார்த்தால் வழக்கு வரைக்கும் போகலாம். விளையாடி முடிந்ததும் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும் என்பது வீட்டில் சட்டம்.

மார்கழிக்கு இன்னொரு பொருளும் உண்டு. கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கு மரங்களின் கீழே சின்னச் சின்னக் காய்கள் கொட்டிக் கிடக்கும். மேலே சுண்ணாம்பு தொட்டு, ஒரு நூல் கட்டினால் நத்தார் மரத்தில் தொங்கவிட அதைவிட நல்ல சாமான் இல்லை. 2004 மார்கழி 26 எனக்கு 13 வயது. அந்த நாளில் நாங்கள் கைவேலை ஒன்றும் செய்வதில்லை. காலமை கடலுக்குப் போய்ப் பூப் போட்டுவிட்டு வருவோம். இரண்டு வருசத்துக்கு முன்பு அப்படிப் போனபோது மகள் சவுக்கங்காய் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. அந்தக் காய்களில் நூல் கட்டவும் எனக்கு மனம் வரவில்லை. சாமியறையில் ஒரு சிரட்டையில் இருக்கின்றன.

மழைநாளுக்குத் திரும்புகிறேன். தேர் முடிந்ததும் பாளை. காய்ந்து விழுந்த தென்னம்பாளை பிறந்ததே தோணியாகத்தான். வெட்டவும் ஒட்டவும் எதுவும் இல்லை. மகள் ஈர்க்கைக் கட்டாகச் சேர்த்துப் பாய்மரம் நட்டு, பூவரசம் இலையைக் குத்திப் பாய் விரித்தாள். வாசற்படியில் நின்று வெள்ளத்தில் விட்டோம். உடனே ஒரு பக்கம் பிரண்டது. அம்மா உள்ளே இரண்டு கை ஈரமணல் போடச் சொன்னார். அதற்குப் பிறகு வாவியில் போகிற தோணி மாதிரி நிமிர்ந்து நின்றது. மகன் தன் சரிந்த தேரையும் அதில் ஏற்றினான். ஒழுங்கைத் தண்ணீர் ஓடுகிற பக்கம் அது போய், அடுத்த வளவின் வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்தது. மகள் கலண்டர் தாளில் கடதாசிக் கப்பல் நாலு மடித்துத் தேடிப் பார்க்க அனுப்பினாள். அவையும் வரவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளம் வடிந்தது. தோணி அந்த வேலியடியில் கிறிசிலியாச் செடிக்குள் கிடந்தது. பாய் அழுகிப்போயிருந்தது, தேரில் ஒரு சில்லு மிச்சம். உள்ளே அரைவாசி மழைத்தண்ணீர். சட்டம் சட்டம்தானே, கவிழ்க்கக் குனிந்தேன். மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, கவிழ்க்காதீங்க. ஆள் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். தேருக்குப் பக்கத்தில் ஒரு தவளை.